தாய்மார்கள் கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டு ஊசி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஊசி ஏன் வேண்டும் என்பதைத் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அதைப் போடப்போவதாகத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்து, 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. நான் மண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் உட்கார்ந்திருப்பது அந்த வயதுப் பிள்ளைகள்தான். அவர்களுடைய அம்மாக்கள் என்னிடம் கேட்கிற கேள்விக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"டீச்சர், கொரோனா ஊசி போட்டப்ப எனக்குப் பத்து நாள் தள்ளிப்போச்சு. குமருப் பிள்ளைக்கு அப்படி ஆச்சுன்னா ஊரு என்ன பேசும்?"

கேட்டவர் கடலில் பாசி எடுக்கப் போகிறவர். பாறையில் பாசியைப் பிடுங்கும்போது கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். அப்படியும் அவருடைய பத்து விரல் நுனியிலும் வெள்ளை வெள்ளையாக வெட்டுத் தழும்பு. படித்தவரில்லை, ஆனால் கேட்டது மிகச் சரியான கேள்வி. கல்யாணமானவளுக்கு நாள் தள்ளினால் முழுகாமல் இருக்கிறாள் என்பார்கள். ஆகாதவளுக்குத் தள்ளினால் என்ன சொல்வார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

2021 ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. மாதவிலக்குக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் ஊசி போடக்கூடாது, போட்டால் ஆபத்து என்று. அது பொய். அரசு உடனே மறுத்தது, மறுக்கத்தான் வேண்டும். ஆனால் மறுத்த வேகத்தில், ஊசிக்கும் மாதவிலக்குக்கும் சம்பந்தமே கிடையாது என்ற பேச்சும் கூடவே பரவிவிட்டது. முகாமில் தயங்கித் தயங்கிக் கேட்ட பெண்களுக்கு அந்தப் பதில்தான் கிடைத்தது. உண்மையில் அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியாது. கொரோனா தடுப்பூசியைச் சோதித்துப் பார்த்தபோது, அதில் கலந்துகொண்ட பெண்களிடம் மாதவிலக்கைப் பற்றி யாரும் கேட்டுக் குறித்து வைக்கவில்லை. 1913-லேயே டைபாய்டு ஊசிக்குப் பிறகு மாதவிலக்கு தள்ளிப்போனதாகவும் முன்னதாக வந்ததாகவும் அமெரிக்க மருத்துவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். நூறு வருஷம் கழித்தும் கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம்தான் ஆராய்ந்தார்கள். 2022-ல் அமெரிக்க மருத்துவர் ஆலிசன் எடெல்மன் குழுவினர் பல நாடுகளைச் சேர்ந்த 19,622 பேரின் மாதவிலக்குக் கணக்கைப் பார்த்தார்கள். ஊசி போட்ட மாதத்தில் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போயிருந்தது. இரண்டு ஊசியும் ஒரே மாதவிலக்குச் சுற்றுக்குள் விழுந்தவர்களுக்கு ஏறத்தாழ நான்கு நாள். பெரும்பாலானவர்களுக்கு அடுத்த மாதமே பழையபடி ஆகிவிட்டது. எட்டு நாளும் அதற்கு மேலும் மாறியவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். ஊசியே போடாதவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு அப்படி மாறியிருந்தது. அதாவது அந்த அம்மாவுக்குப் பத்து நாள் தள்ளியது ஊசியாலும் இருக்கலாம், ஊசி இல்லாமலே நடந்திருக்கவும் கூடும். நம் ஊரில் அதிகம் போட்டது கோவிஷீல்டு. 2021 மே மாதத்திலிருந்து அதற்கு 12 முதல் 16 வாரம் இடைவெளி விட்டார்கள். அதனால் இரண்டும் ஒரே சுற்றில் விழ வழியில்லாமல் போனது. இவ்வளவையும் அன்றே சொல்ல முடிந்திருக்காது, சரி. ஆனால் தெரிந்த பிறகாவது யாராவது இந்தக் கரைக்கு வந்து சொன்னார்களா?

காரணமும் அப்படியொன்றும் விளங்காத விஷயமில்லை. கருப்பையின் உள்தோல் முழுக்க நோய் எதிர்ப்பு அணுக்கள் இருக்கின்றன. மாதாமாதம் அது உதிர்வதும் மறுபடி வளர்வதும் அவை பங்குபெறும் வேலைதான். ஊசி போட்டதும் உடம்பு முழுக்க எதிர்ப்புச் சக்தி உசுப்பப்படுகிறது. அதன் சமிக்ஞை கருப்பைக்கும், மாதவிலக்கின் நாளை நடத்துகிற மூளைப் பகுதிக்கும் எட்டுவதால் இப்படி ஆகலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். பல தடுப்பூசிகளுக்கு ஆணைவிடப் பெண்ணின் உடம்பு வலுவாக எதிர்வினை காட்டுகிறது. ஃப்ளூ ஊசியைப் பாதி அளவு போட்ட பெண்களுக்கு, முழு அளவு போட்ட ஆண்களுக்குச் சமமான எதிர்ப்பு உண்டானதாக 2008-ல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. இது பலவீனமில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நாள் தள்ளுவதோடு உதிரப்போக்கும் கூடினால் இந்தக் கரைப் பெண்களுக்கு அது தனிக் கஷ்டம். பாசி எடுக்க மாதம் முழுவதும் போக முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வத்துகிற ஆறாறு நாள்தான், மொத்தம் பன்னிரண்டு. இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் மணிக்கணக்காக நின்றும் முங்கியும் எடுக்க வேண்டும். வள்ளத்தில் ஒதுங்க இடம் கிடையாது. அந்த நாட்களில் படுத்துவிட்டால் மாத வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும். ஏற்கெனவே தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். "கொஞ்சம் கூடுதலாகப் போகலாம், பயப்படாதே" என்று ஒருவர் முன்கூட்டிச் சொல்லி, சத்து மாத்திரையும் கொடுத்திருந்தால் எத்தனையோ பேர் இரண்டாவது ஊசிக்குப் பயந்து ஒளிந்திருக்க மாட்டார்கள்.

இப்போது பிள்ளைகளுக்கான கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கு வருகிறேன். அதில் உயிருள்ள வைரஸ் இல்லை, வைரஸின் மேலோட்டுப் புரதம் மட்டும்தான். 17 வயதுக்குள் போட்டுக்கொண்ட ஸ்வீடன் நாட்டுப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்தது. என் மகளாக இருந்தாலும் போடுவேன். மாதவிலக்கு விஷயத்தில் ஜப்பானின் நகோயா நகரில் ஏறத்தாழ 30,000 இளம்பெண்களிடம் 24 வகை உபாதைகளைக் கேட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கு அவை கூடுதலாக வரவில்லை. ஆனால் மாதவிலக்குத் தொந்தரவுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அவர்களில் சற்று அதிகம். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே என் கட்சி. பயத்துக்குப் பதில் சொல்லத் தாமதமானதால் அந்த நாட்டில் 70 சதவீதம் இருந்த ஊசி ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. 2013-ல் நிறுத்திய பரிந்துரை மறுபடி வர 2022 ஆயிற்று.

நம் நாட்டிலும், அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் நடந்ததை மறக்கக் கூடாது. 2009-ல் இதே வகை ஊசியை அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டபோது, பல பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். சில பிள்ளைகள் இறந்தார்கள். இறப்புக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று பின்னால் விசாரித்தவர்கள் சொன்னார்கள். ஆனால் கேட்காமல் போட்ட ஊசியை எந்தத் தாய் நம்புவாள்? திட்டமே நின்றது.

எங்கள் பள்ளிகளுக்கு வரும் குழுவினரிடம் ஒரு விண்ணப்பம். ஊசி அட்டையில் கடைசி மாதவிலக்குத் தேதிக்கு ஒரு கட்டம் போடுங்கள். அடுத்த இரண்டு மாதம் நர்சம்மா அந்தத் தேதியைக் கேட்டு எழுதட்டும். மணிக்கொரு பேடு நனைந்தாலோ, இரண்டு மாதத்துக்கு மேல் வராமல் இருந்தாலோ, கொரோனா ஊசி போட்ட அம்மாக்களில் வயதாகி மாதவிலக்கு நின்றுபோனவர்களுக்குத் திரும்ப உதிரம் பட்டாலோ, ஊசிதான் காரணம் என்று வீட்டில் உட்காரக் கூடாது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம், தாய்மார் கூட்டத்தை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வைக்காதீர்கள். அன்றைக்கு அவர்கள் கடலில் இருப்பார்கள். கையெழுத்துப் போடப் பாட்டிதான் வருவார். அஷ்டமி, நவமி சமயத்தில் வைத்தால் கரையில் இருப்பார்கள், கட்டாயம் வருவார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.