ஓர் உயிர் என்ன விலை?

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதமும், ருஷ்ய எழுத்தாளர் கோகலின் ‘டெட் சோல்ஸ்’ நாவலுக்கு நீ செய்துவரும் மொழிபெயர்ப்பின் முதல் ஆறு அத்தியாயங்களும் வந்து சேர்ந்தன. பேரம் பேசும் இடங்கள் நன்றாக ஓடுகின்றன. ஒன்றை மட்டும் நீ மாற்றியே ஆகவேண்டும். தலைப்பில் ‘ஆன்மா’ என்றும் பேரத்தில் ‘பண்ணையடிமை’ என்றும் எழுதியிருக்கிறாய். கோகல் இரண்டு இடத்திலும் எழுதியது ஒரே சொல், ‘துஷா’.

அன்றைய ருஷ்யாவில் அது ஆன்மாவுக்கும் பெயர், வரிக்கணக்கில் ஓர் ஆளுக்கும் பெயர். தலைவரிக்கான கணக்கெடுப்பில் ஆண்கள் மட்டுமே, கைக்குழந்தை முதல் கிழவர் வரை, ஆளுக்கு ஒரு துஷா. நடுவில் செத்தவன் அடுத்த கணக்கெடுப்பு வரை ஏட்டில் இருப்பான். அவனுக்கும் பண்ணையார் வரி கட்டியாக வேண்டும். நாவலின் நாயகன் சிச்சிகோவ் நுழைவது இந்த ஓட்டையில்தான். செத்தவர்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, ஏட்டைக் காட்டி அடமானம் வைத்தால் ஓர் ஆளுக்கு 200 ரூபிள். ஆயிரம் பேர் சேர்ந்தால் 2 லட்சம். பண்ணைக்காரி கொரோபோச்காக் கிழவி 18 பேரை 15 ரூபிளுக்குக் கொடுக்கிறாள். இன்னொரு பண்ணையார் சபாக்கேவிச்சோ ஆளுக்கு 100 கேட்டு, இரண்டரைக்கு இறங்குகிறான்.

சபாக்கேவிச் தான் விற்கும் ஆட்களின் பட்டியலில் ஒரு பெண்ணையும் நுழைத்துவிடுவான். எலிசவெத்தா என்ற பெயரின் கடைசி எழுத்தை மாற்றி ஆண்பெயர் போல முடித்திருப்பான். பெண் கணக்கில் வராதவள் என்பதை மூன்றாம் அத்தியாயத்திலேயே அரை வாக்கியத்தில் சொல்லிவிடு. இல்லையென்றால் ஏழாம் அத்தியாயத்தில் சிச்சிகோவுக்கு ஏன் கோபம் வருகிறது என்று வாசகருக்குப் பிடிபடாது.

‘தலைக்கட்டு’ என்று போடலாமா என்று கேட்டிருந்தாய். நம்மூர்த் திருவிழா வரிக்கு நெருக்கமான சொல்தான், ஆனால் ஆன்மா அதில் இல்லை. ‘ஆன்மா’ என்றே வைத்தால் பேரத்தில் ஒட்டாது. எனக்குப் பொருந்துவது ‘உயிர்’. விபத்துச் செய்தியில் ‘ஐந்து உயிர்கள் பலி’ என்று ஆளை எண்ணுகிறோம். சைவ சித்தாந்தத்தில் அதே சொல் அழிவில்லாததைக் குறிக்கிறது. இந்த இரண்டாவது பொருளும் உனக்கு வேண்டும். நூல் 1842இல் வருவதற்கு முன், தலைப்பைக் கேட்டதுமே மாஸ்கோ தணிக்கையாளர் ஒருவர் ‘ஆன்மா சாகாதது’ என்று சீறியதாகக் கோகல் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ‘செத்த உயிர்கள்’ என்பது காதில் இடறும். இடறட்டும், ருஷ்ய மொழியிலும் அது இடறியது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது பத்தாம் அத்தியாயத்துக்காகத்தான். அரசு வழக்கறிஞர் திடீரென்று செத்துப்போகிறார். அவருக்கும் ஒரு துஷா இருந்தது, அடக்கத்தால் அதை வெளியே காட்டவில்லை என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிகிறது. அதுவரை நூறு தடவை விலை பேசப்பட்ட சொல் அங்கே தன் பழைய பொருளுக்குத் திரும்புகிறது. பேரத்தில் ‘அடிமை’ என்று எழுதிவிட்டால் அந்த வரி வெறும் நையாண்டியாகப் போய்விடும்.

நொஸ்திரியோவ் என்ற பண்ணையார் கொஞ்சலாக விளிக்கும் இடங்களிலும் அதே சொல்தான். அங்கே ‘நண்பா’ வேண்டாம். ‘என் உயிரே’ என்றே போடு. ஏழாவதைத் தொடங்குமுன் பழைய பக்கங்களைத் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
மாணிக்கம்