பள்ளிக் குழுவில் சேரச் சொல்லி மதினிக்கு ஒரு கடிதம்

லெஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள மதினிக்கு,

வணக்கம். பிசான நடவுக்கு ஆள் கிடைக்காமல் அண்ணன் படும் பாட்டையும், நம் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் சேரும்படி தலைமையாசிரியை உங்களைக் கேட்டிருப்பதையும் கடிதத்தில் அறிந்தேன். "பத்தாம் வகுப்பைத் தாண்டாத நான் அங்கே போய் என்னத்தைப் பேச?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதே தயக்கத்தை இந்த ஊர்த் தாய்மாரிடமும் கேட்டு வருவதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நிர்வாகக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களை ஸ்கூல் கவர்னர் என்பார்கள். சம்பளம் கிடையாது, பட்டமும் கேட்பதில்லை. பள்ளி போக வேண்டிய திசையைத் தீர்மானிப்பதும், தலைமையாசிரியரைக் கேள்வி கேட்பதும், பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. 2012 ஆம் ஆண்டு விதிகளின்படி குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அவர்களில் பெற்றோர் தரப்பிலிருந்து 2 பேராவது வர வேண்டும். தலைமையாசிரியர், ஊழியர் ஒருவர், உள்ளாட்சி மன்றம் முன்மொழிபவர் ஒருவர் போக, மீதி இடங்களுக்குக் குழுவே ஆள் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த மீதி இடங்களில்தான் சிக்கல் இருக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லெஸ்டரில் நூற்றுக்கு 43 பேர் ஆசிய வம்சாவளியினர். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலோ, பள்ளிக் கவர்னர்களுக்கான தேசிய ஆளுகைச் சங்கத்தின் கருத்தாய்வுகளுக்குப் பதிலளிக்கும் கவர்னர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்கள். நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களும் மிகக் குறைவு. வேற்று நிறத்தாரை வேண்டாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இடம் காலியானதும் குழுவில் இருப்பவர்கள் தமக்குத் தெரிந்தவர்களைக் கேட்கிறார்கள். தெரிந்தவர்களோ பெரும்பாலும் தம்மைப் போன்றவர்கள். கெட்ட எண்ணம் யாரிடமும் இல்லாமலேயே பாதி ஊர் வெளியே நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

என் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் குழுவில் நான் சேர்ந்தபோது, காலை ஒன்பது மணிக்கு நடக்கும் வாசிப்பு நிகழ்ச்சிக்குக் குடியேறிய குடும்பங்களின் தாய்மார் வராததைப் பற்றி விவாதம் நடந்தது. அவர்களுக்குப் படிப்பில் அக்கறை குறைவு என்றே பலரும் நினைத்தார்கள். உணவுப் பொட்டலம் கட்டும் ஆலையில் வேலை பார்க்கும் சோமாலியத் தாய் ஒருவர் அடுத்த ஆண்டு குழுவுக்கு வந்தார். ஆலையில் காலை ஷிப்ட் ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிகிறது என்று முதல் கூட்டத்திலேயே சொன்னார். நிகழ்ச்சியைப் பிற்பகலில் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நேரத்துக்குச் சற்று முன்னதாக மாற்றினோம், தாய்மார் வந்தார்கள். படித்த பெரியவர்கள் பலர் இருந்த குழுவுக்கு அந்த ஒரு செய்தி தெரியாமல் இருந்தது.

ஆனால் அந்தத் தாய் சோமாலியருக்காக மட்டும் பேச வந்தவர் அல்லர். பெற்றோர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தாலும், கவர்னர் தம் தரப்புக்கு வாதாடும் வழக்கறிஞர் அல்லர். பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் அவர் பொறுப்பு. வரவு செலவுக் கணக்கிலும் அவர் கேள்வி கேட்கிறார். நிறத்துக்கு ஓர் ஆளை உட்கார வைத்துவிட்டு மற்ற விஷயங்களில் அவரைக் கேட்காமலிருப்பது என்னைப் பொறுத்தவரை மரியாதைக் குறைவு.

இங்கே பள்ளிக் குழுவில் பெண்களுக்கோ சிறுபான்மையினருக்கோ இத்தனை இடம் என்று சட்டம் சொல்லவில்லை. நம் நாட்டில் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதை எழுதியே வைத்திருக்கிறது: குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம். இதைச் சொன்னபோது இங்குள்ள நண்பர்கள் வியந்தார்கள். ஆனால் பெயர் பதிவேட்டில் இருப்பதும், வாய் திறந்து பேச இடம் கிடைப்பதும் வேறு வேறு. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவன் ஒருவனைச் சாதி வெறியில் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, பள்ளிகளில் சாதிப் பிரிவினையைக் களைய நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்க வேண்டிய நிலைமை நம் மாவட்டத்திலிருந்துதான் வந்தது. காலனித் தெருப் பிள்ளைகளின் தாய்மார் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் அழைக்கப்படும் குழுவால் அந்தப் பிரிவினை கண்ணுக்கே தெரியாது.

ஆகையால் மதினி, நீங்கள் கட்டாயம் சேருங்கள், தனியாகச் சேராதீர்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் என்று எழுதியிருந்தீர்கள். பீடி சுற்றும் பெண்களுக்கு அது சுற்றிய பீடியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும் நேரம் என்றால், அவர்கள் கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும். எந்த நேரம் தோதுப்படும் என்று அவர்களிடமே கேட்டு, தலைமையாசிரியையிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். கூட்டத்தில் என்ன பேசப்போகிறார்கள் என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லுங்கள். இங்கே 7 நாட்களுக்கு முன்பே தாள்கள் கைக்கு வந்துவிடும், அதனால்தான் புதியவர்களும் யோசித்து வந்து பேச முடிகிறது.

குழுவில் யார் யார் சேர்ந்தார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அண்ணனுக்கு என் வணக்கங்கள், பிள்ளைகளுக்கு அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்புக் கொழுந்தன்