சர்க்கரையின் பெயரால் ஒரு விளம்பரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை இனிப்புகளைப் பயன்படுத்துவோர் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டியைக் கொண்ட ஸ்ப்ளெண்டாவின் விளம்பர வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டும் என்று கருதியே இதை எழுதுகிறேன். 1976-இல் லண்டன் குயீன் எலிசபெத் கல்லூரியில் ஆய்வு செய்துகொண்டிருந்த சசிகாந்த் பட்னிஸ், 'சோதித்துப் பார்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்பட்டதைச் 'சுவைத்துப் பார்' என்று புரிந்துகொண்டு நாவில் வைத்தபோதுதான், சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிக்கும் சுக்ரலோஸ் வெளிப்பட்டது என்பர்.

1998-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்று மஞ்சள் நிறப் பொட்டலத்தில் வந்த ஸ்ப்ளெண்டா, 'சர்க்கரையிலிருந்து செய்யப்பட்டது, ஆகவே சர்க்கரைபோல் சுவைக்கிறது' என்ற வாசகத்துடன் விளம்பரப்படுத்தப்பட்டது. தயாரிப்பு சர்க்கரையில் தொடங்குவது உண்மைதான். ஆனால் அதன் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகளின் இடத்தில் மூன்று குளோரின் அணுக்கள் சேர்ந்தபின் கிடைப்பது வேறொரு சேர்மம் என்பதை அந்த வாசகம் சொல்லவில்லை. வாங்குவோரைத் தவறாக நம்பவைக்கும் உத்தி என்றே இதை நான் கருதுகிறேன்.

ஸ்ப்ளெண்டாவின் போட்டி இனிப்பூட்டியான ஈக்வலைத் தயாரித்த மெரிசன்ட் நிறுவனம் இந்த விளம்பரத்தை எதிர்த்து அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் தொடுத்த வழக்கு, 2007-இல் நடுவர் குழுவின் முடிவு அறிவிக்கப்படுமுன் சமரசத்தில் முடிந்ததால், அமெரிக்க மக்களுக்குத் தெளிவான தீர்ப்பு கிடைக்காமல் போனது வருத்தத்திற்குரியது. இத்தகைய பொட்டலங்களின் முகப்பிலேயே, வணிகப் பெயருக்கு இணையான எழுத்தளவில், உள்ளிருக்கும் இனிப்பூட்டியின் பெயரையும் அச்சிடச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்