செயலாளர் ஆண்டறிக்கை: கடல் மீன் தொட்டி வளர்ப்போர் சங்கம், நெல்லை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. ஆனி மாதக் கூட்டம் நெல்லையப்பர் தேரோட்டத்தை ஒட்டித் தள்ளிவைக்கப்பட்டது, பிறகு நடக்கவில்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் குப்பை அகற்றும் பணிக்கு எட்டுப் பேர் போய் வந்தோம். புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் தொட்டிகளைப் பார்வையிட ஒரு நாள் ஒதுக்கினோம்.

சங்கத்தின் பொதுத் தண்ணீர் வடிகட்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "செயலாளர் தன் வீட்டுத் தொட்டிக்காகச் சங்கப் பணத்தைச் செலவழித்தார்" என்று ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

சித்திரை மாதம் என் 200 லிட்டர் தொட்டியில் நைட்ரேட், அதாவது மீன் கழிவும் மிச்சத் தீனியும் சிதைந்து கடைசியில் தண்ணீரில் தங்குவது, 80 பிபிஎம் (லிட்டருக்கு 80 மில்லிகிராம்) காட்டியது. பச்சையும் ஆரஞ்சுமாக இருந்த ஜோவாந்தஸ் என்ற பூப்போன்ற மென்பவளம் எல்லாம் பழுப்பேறி, பாதி மொக்கு விரியாமலே கிடந்தது. பாறை முழுக்க முடிப்பாசி. நாம் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: தீனியைக் குறைத்தேன், உறைய வைத்த இறாலை அலசிப் போட்டேன், வடிகட்டிப் பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவினேன், வாரம் 20 சதவீதம் தண்ணீர் மாற்றினேன். கணக்குப்படி 80 என்பது 64, 51, 41 என்று இறங்கி நான்காவது வாரம் 33-க்கு வந்திருக்க வேண்டும். 60-க்குக் கீழே இறங்கவே இல்லை.

பிறகுதான் கடல் உப்புக் கலக்கும் தண்ணீரையே சோதித்தேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் 60. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வரும் தண்ணீரில் 30. வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) சரிசெய்யும் திருகு ஒன்று உண்டு. குடிக்க ருசி வேண்டும் என்பதற்காக, ஆர்.ஓ. சவ்வைத் தாண்டாத தண்ணீரில் கொஞ்சத்தை அது கலந்துவிடுகிறது. நைட்ரேட்டும் கூடவே வந்துவிடுகிறது. கோடையில் காற்றாடி ஓட என் தொட்டியில் நாளுக்கு நான்கு லிட்டர் ஆவியாகும். போவது வெறும் தண்ணீர், நைட்ரேட் உள்ளேயே நிற்கும். அந்த நான்கு லிட்டரை இதே தண்ணீரால் நிரப்பினால் மாதத்துக்கு 18 பிபிஎம் நானே ஊற்றியதாகிறது. மீனைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் கிணறு அதைத் தாண்டியிருக்கிறது. கைக்குழந்தை உள்ள வீடுகள் மீன் தொட்டிக்காக இல்லாவிட்டாலும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது.

இதன் பிறகே, கலப்புத் திருகு இல்லாத ஆர்.ஓ.வும் அதன் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் குழாயும் வாங்கச் செயற்குழு ஒப்புதல் தந்தது. பொருளாளர் வீட்டு மாடியில் அது இருக்கிறது. கழிவாகும் தண்ணீர் அவர் வாழைக்குப் போகிறது. உறுப்பினர் யாரும் கேன் கொண்டுவந்து பிடித்துக்கொள்ளலாம். இந்தத் தண்ணீரோடு, நுரையில் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் ஒழுங்காகக் கழுவி, சம்ப் என்ற துணைத் தொட்டியில் நைட்ரேட்டை உறிஞ்சும் கீட்டோ பாசி வளர்த்து இரவில் விளக்குப் போட்டதில், ஐந்து மாதத்தில் என் தொட்டி 10-க்கு வந்தது. மென்பவளங்களுக்கு அது போதும். ஒரே வாரத்தில் இறக்கியிருந்தால் பவளம் தாங்கியிருக்காது. பூஜ்யத்துக்கு இறக்குவதும் தப்பு, பவளத்துக்குள் இருக்கும் நுண்பாசி பட்டினி கிடக்கும்.

ஐப்பசியில் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு ஓர் உறுப்பினரிடமிருந்து போன். "அண்ணாச்சி, தண்ணி பால் மாதிரி இருக்கு, க்ளவுன் ரெண்டும் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கி." க்ளவுன் மீன் இரண்டையும்தான் சொன்னார். நைட்ரேட் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 50 மில்லி வினிகரை மொத்தமாக ஊற்றியிருக்கிறார். வினிகரைத் தின்று பாக்டீரியா பெருகும், நைட்ரேட்டையும் இழுத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் ஆக்சிஜனையும் அதே தின்றுவிடும். 100 லிட்டருக்கு ஒரு மில்லி அளவில் தொடங்கி, வாரக் கணக்கில் பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டிய விஷயம் அது. அன்றைக்கு மின்வெட்டு வேறு. பேட்டரி காற்றுப் பம்ப் எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் ஒன்று செத்துவிட்டது. இதே விஷயத்தை ஆவணிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினோம். அன்று வந்தவர்கள் ஆறு பேர். அந்த உறுப்பினர் வரவில்லை. ஒரு மீன் போனதை விட எனக்கு அதுதான் வருத்தம்.

சங்கத்தின் நைட்ரேட் சோதனைப் பெட்டி புரட்டாசியில் ஒருவர் கைக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர் தயவுசெய்து தந்துவிடுங்கள். "எனக்குப் பூஜ்யம் காட்டுது" என்று சொன்ன மூன்று பேர் வீட்டிலும் நான் போய்ப் பார்த்தேன். அவர்கள் சோதனைப் பெட்டியில் இரண்டாவது மருந்துச் சீசாவின் அடியில் பொடி வண்டலாக உறைந்திருந்தது. அதை அரை நிமிடம் நன்றாகக் குலுக்காமல் சொட்டுவிட்டால் அளவு குறைத்தே காட்டும். மூன்றில் இரண்டு தொட்டியில் 40-க்கு மேல் இருந்தது. சில பெட்டிகள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும், நைட்ரேட் அளவு தெரிய அதை 4.4 ஆல் பெருக்க வேண்டும்.

கடினப் பவளம், கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து கல்லோ பவளமோ "கிடைக்கும்" என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அப்படி வாங்கியவருக்குச் சங்கத்தில் இடமில்லை என்பது செயற்குழு முடிவு.

கணக்கைப் பொருளாளர் தணிக்கைக்குக் கொடுத்திருக்கிறார். வரவு சந்தாவும் இரண்டு நன்கொடையும், பெரும்பகுதி வடிகட்டிக்கும் மண்டப வாடகைக்கும் போனது, கையிருப்பு சொற்பம். பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. அவர்களில் சிலர் வாரம் இரண்டு கேன் தண்ணீர் பிடிப்பதும் பதிவேட்டில் இருக்கிறது.

மாடியையும் மின்சாரத்தையும் தந்த பொருளாளர் குடும்பத்துக்கும், வாகனம் தந்த துணைத்தலைவருக்கும், மண்டப நிர்வாகத்துக்கும் நன்றி.

வரும் ஆண்டில் டி.ஐ. பிசின் மாற்ற வேண்டும். இப்போதே நிறம் மாறத் தொடங்கிவிட்டது. ஆர்.ஓ. சவ்வும் அதிக நாள் தாங்காது. பணம் சேராவிட்டால் வைகாசியில் குழாயை மூட வேண்டிவரும். நான் மூட விரும்பவில்லை. இந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் சாவியையும் பதிவேட்டையும் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொருளாளர் வீட்டில் சோதனை நாள். தொட்டித் தண்ணீர் ஒரு சீசா, அதில் ஊற்றும் தண்ணீர் ஒரு சீசா, தனித்தனியாகக் கொண்டு வாருங்கள். சந்தாவை அங்கேயே செலுத்தலாம்.

இங்ஙனம்,
செயலாளர்