பதினொரு நாளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களுக்கு

தமிழ் விக்கிப்பீடியாவில் என்னோடு சேர்ந்து உழைத்த நண்பர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய முதலாம் கர்நாடகப் போர் பற்றிய கட்டுரையில், ஆதாரம் இல்லாத வரியைச் சுட்டும் ‘மேற்கோள் தேவை’ குறிப்புகளில் மிச்சம் இருந்த கடைசி ஒன்றைப் போன வாரம் எடுத்தேன். எடுத்த கை என்னுடையது. எடுக்க முடிந்தது உங்களால். தொகுப்புச் சுருக்கத்தில் ‘உதவியவர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போக மனம் வரவில்லை. யார் என்ன செய்தீர்கள் என்பதை ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. பெயர்களையும் பயனர் பெயர்களையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி, என் தொகுப்புகளை அடுத்தடுத்து மீளமைத்தவருக்கு, அதாவது நான் மாற்றியதைப் பழையபடி ஆக்கியவருக்கு.

நான் கணக்குத் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. புனித ஜார்ஜ் கோட்டை 1746இல் பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்த நாள், கட்டுரையில் செப்டம்பர் 10 என்று இருந்தது. பிரெஞ்சு ஆவணங்களை வைத்து எழுதப்பட்ட ஒரு நூல் என் கையில் இருந்தது. அதில் தெளிவாகச் செப்டம்பர் 21. பதினொரு நாள் பிழை! இத்தனை பேர் படித்தும் யாரும் கவனிக்கவில்லையே என்று நினைத்து மாற்றினேன். அரை மணி நேரத்தில் நீங்கள் பழையபடி ஆக்கிவிட்டீர்கள். நான் மறுபடி மாற்றினேன், பக்க எண்ணோடு. மறுபடி பழையபடி ஆனது. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆதாரம் காட்டியும் அழிக்கிறார்களே, இங்கே எனக்கு என்ன வேலை என்று கணினியை மூடிவிட்டேன்.

மறுநாள் காலை உரையாடல் பக்கத்தில் நீங்கள் எழுதியிருந்ததை இப்போதும் அப்படியே சொல்வேன். “உங்கள் நூலும் சரி, பழைய தேதியும் சரி. இரண்டும் ஒரே நாள். ஆங்கிலேயர் எந்த ஆண்டில் நாட்காட்டியை மாற்றினார்கள் என்று பாருங்கள், அப்புறம் இரண்டு தேதியையும் நீங்களே சேர்த்து எழுதுங்கள்.”

பார்த்தேன். பிரான்சு 1582லேயே கிரெகொரியன் நாட்காட்டிக்கு வந்துவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியனிலேயே இருந்தது. அந்த ஆண்டு அவர்களுக்குச் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. ஆகவே 1746இல் சென்னையில் இருந்த ஆங்கிலக் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) குமாஸ்தா கணக்கேட்டில் ஒரு தேதி எழுதுவார்; அதே காலையில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக் குமாஸ்தா பதினொரு நாள் தள்ளி எழுதுவார். ஒரே கடற்கரை, ஒரே வெயில், இரண்டு தேதி. இது போதாதென்று, ஆங்கிலேயருக்கு அப்போது ஆண்டு பிறப்பதே மார்ச் 25இல்தான். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ நடந்ததை அவர்கள் முந்தைய ஆண்டின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

இதை நீங்கள் ஒரே வரியில் சொல்லி முடித்திருக்கலாம். என்னையே தேட விட்டீர்கள். தேடிப் படித்ததோடு நிற்க முடியவில்லை. கட்டுரையில் இருந்த தேதிகளை எல்லாம் எடுத்து ஒரு நோட்டில் எழுதி, எது எந்த நாட்காட்டி என்று பிரித்தேன். ஓரிடத்தில் கடிதம் எழுதப்படுவதற்கு முன்பே அதற்குப் பதில் போயிருந்தது. ஒரு தேதி ஆங்கில நூலில் இருந்தும் இன்னொன்று பிரெஞ்சு நூலில் இருந்தும் வந்து, ஒரே பத்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. நீங்கள் அன்று மீளமைக்காமல் விட்டிருந்தால், நான் ஒரு தேதியை மட்டும் ‘திருத்தி’விட்டு, குழப்பத்தை இன்னும் கூட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அடுத்து, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொடுத்த தமிழாசிரியர் ஐயாவுக்கு.

பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736 தொடங்கி 1761 வரை, தான் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதிவைத்தார். கோட்டை விழுந்த செய்தி புதுச்சேரிக்கு வந்ததும் ஊர் எப்படி இருந்தது என்பதை ஒரு தமிழரின் கண் வழியாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நடை முதலில் என்னைத் திணறடித்தது. புள்ளியும் காற்புள்ளியும் இல்லாமல் ஓடும் வாக்கியங்கள், பாரசீகச் சொற்கள், போர்த்துகீசியச் சொற்கள், உருமாறிய பிரெஞ்சுப் பெயர்கள். நான் ஒரு வரியை அலைபேசியில் படம் பிடித்து அனுப்புவேன். நீங்கள் அதை வாய்விட்டுப் படித்து, குரல் பதிவாகத் திருப்பி அனுப்புவீர்கள். காதால் கேட்டதும் புரிந்துவிடும்! எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரிந்தால் வாக்கியம் தானே பிரிகிறது.

தேதி விஷயத்திலும் உங்களுக்கு ஒரு தனி நன்றி உண்டு. பிள்ளை வருஷப் பெயரும் தமிழ் மாதமும் போட்டு எழுதுகிறார். 1746 செப்டம்பர் என்றால் அட்சய வருஷம், புரட்டாசியை ஒட்டிய நாட்கள். நான் இன்றைய நாட்காட்டியை வைத்து, புரட்டாசி 1 என்றால் செப்டம்பர் 17 என்று கணக்குப் போட்டு எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்தேன். எந்தத் தேதியும் பிரெஞ்சு ஆவணத்தோடு பொருந்தவில்லை. எல்லாம் நான்கு நாள் தள்ளி நின்றது. நான் ஆங்கில நாட்காட்டிகளையே மறுபடி மறுபடி குடைந்துகொண்டிருந்தேன்.

“நம் வருஷம் அவர்கள் வருஷத்தைவிடத் துளி நீளம்” என்றீர்கள். அறுபது ஆண்டுச் சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் நகரும் என்று வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். பிரபவ தொடங்கி அட்சய வரை ஒரு சுற்று, ஒரு நாள். பிள்ளை காலத்துக்கும் நமக்கும் நடுவே நான்கு சுற்றுக்கு மேல் ஓடிவிட்டது. அப்போது புரட்டாசி பிறந்தது செப்டம்பர் 13ஐ ஒட்டி. அந்த நான்கு நாளைக் கழித்ததும் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆங்கிலக் கணக்கு, பிரெஞ்சுக் கணக்கு, தமிழ்க் கணக்கு, மூன்றும் ஒரே நாளில் வந்து சந்தித்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த மகிழ்ச்சி புரியும்.

அந்த மகிழ்ச்சியோடு, மூன்று கணக்கையும் ஒப்பிட்டு நீளமான அட்டவணை ஒன்று தயாரித்து, கீழே என் முடிவுகளையும் எழுதிக் கட்டுரையில் போட்டேன். அதை எடுத்துவிட்டவருக்கு அடுத்த நன்றி.

சொந்த ஆய்வு கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். ஆனால் அது இல்லாததைக் கற்பனை செய்பவர்களுக்கான விதி, சரியான கணக்குக்கு அல்ல என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் பொறுமையாக எழுதினீர்கள்: “உங்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் படிப்பவர் உங்களை நம்பவேண்டிய அவசியமே இல்லாதபடி எழுதுங்கள்.” இரண்டு மாத உழைப்பு ஒரே சொடுக்கில் போனது வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் யார்? பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவரும் இல்லை. என் பயனர் பெயரைப் பார்த்து ஒரு பள்ளி மாணவி எதற்காக நம்பவேண்டும்? அவள் நம்பத் தேவையில்லை. கீழே இருக்கும் நூலையும் பக்கத்தையும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்த வழியை அவளுக்குத் திறந்து வைப்பதுதான் நம் வேலை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் எடுத்ததோடு விடவில்லை. இரண்டு தேதியையும் சேர்த்துக் கொடுத்திருந்த அச்சு நூல் ஒன்றை நீங்களே தேடிப் பிடித்து உரையாடல் பக்கத்தில் வைத்தீர்கள். இப்போது கட்டுரையில் இருப்பது அதுதான்.

இனி, பக்கங்கள் அனுப்பியவர்கள். இந்த உதவி வெளியில் தெரியவே தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு வரிக்கு மேற்கோள் வேண்டும். நூல் இணையத்தில் இல்லை; எங்கோ ஒரு நூலக அலமாரியில் இருக்கிறது. விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் கேட்டுவைப்பேன். முகம் தெரியாத ஒருவர் தன் விடுமுறை நாளில் அங்கே போய், நூலைக் கேட்டு வாங்கி, எனக்கு வேண்டிய ஒற்றைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார். அதோடு முந்தைய பக்கம், அடுத்த பக்கம், தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் உள்ள பின்பக்கம். கேட்காமலேயே. பதிப்பு மாறினால் பக்க எண் மாறும், முந்தைய பக்கம் இல்லாவிட்டால் ‘அவன்’ என்பது யார் என்று தெரியாது என்று அறிந்தவர்கள் நீங்கள். ஒருவர் பக்கத்தோடு ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: “நீங்கள் தேடிய செய்தி இதில் இல்லை, அதற்கு எதிரான செய்தி இருக்கிறது, அனுப்பட்டுமா?” அனுப்புங்கள் என்றேன். அதனால் ஒரு பத்தி முழுவதும் மாறியது, நல்லதற்கு.

பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் இருந்து ஆவணங்களைத் தேடி எடுத்து, வரிக்கு வரி பொருள் சொன்ன சகோதரிக்கும் நன்றி. பிரெஞ்சு தெரியாத எனக்கு நீங்கள் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ‘இந்தச் சொல்லில் எனக்கு ஐயம்’ என்று சிவப்பில் குறித்து அனுப்பினீர்கள். அந்தச் சிவப்புச் சொற்களைத்தான் நான் முதலில் சரிபார்த்தேன்.

அடையாற்றுப் போர் பகுதியில் உரிச்சொற்களைக் களைந்தவருக்கு. நான் எழுதியதில் ஒரு பக்கம் ‘மாவீரர்கள்’, மறுபக்கம் ‘சூழ்ச்சிக்காரர்கள்’. ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானின் பெரும்படையை, பாரடிஸ் தலைமையில் சில நூறு பிரெஞ்சு வீரர்களும் சிப்பாய்களும் முறியடித்தார்கள். நவாபின் படை பத்தாயிரம் என்று பல நூல்கள் சொல்கின்றன. நான் அந்த எண்ணை உறுதியான உண்மையாக எழுதினேன். நீங்கள் அதற்கு முன்னால் யார் சொல்வது என்று சேர்த்தீர்கள். வென்றவர்கள் எழுதிய கணக்கில் தோற்றவர்களின் எண்ணிக்கை வளரும் என்று உரையாடல் பக்கத்தில் விளக்கியது, அதற்குப் பிறகு நான் படித்த எல்லாப் போர்களுக்கும் உதவுகிறது. இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

டூப்ளே, டூப்ளெக்ஸ், துய்ப்ளே, துப்ளெக்சு என்று எந்த எழுத்தில் தேடினாலும் ஒரே பக்கத்துக்குப் போகும்படி வழிமாற்றுகள் போட்டவருக்கும், பழைய வரைபடங்களைச் சுத்தம் செய்து விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றியவருக்கும் நன்றி. நள்ளிரவில் அண்மைய மாற்றங்களைப் பார்த்துக்கொண்டிருந்து, யாரோ மொத்தக் கட்டுரையையும் அழித்து ஒரே ஒரு கெட்ட வார்த்தையை எழுதிவைத்தபோது நான் எழுவதற்குள் சரிசெய்துவிட்டவருக்கு நன்றி. கணக்கே இல்லாமல், ஐ.பி. எண்ணாக மட்டும் வந்து, என் ‘ர’வை ‘ற’வாக்கி, விட்டுப்போன ஒற்றைப் போட்டுவிட்டுச் சொல்லாமல் போன உங்களுக்கும்தான். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியப்போவதே இல்லை. பதினேழு இடத்தில் திருத்தியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். சம்பளம் இல்லாத இந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்தீர்கள். 1746ஐப் பற்றிய என் பேச்சைச் சாப்பாட்டு வேளையிலும் கேட்டீர்கள். இரண்டு தேதிக் கதையைக் கேட்டுவிட்டு, “அப்படியானால் பிறந்தநாள் யாருக்கு எப்போது?” என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்வியால்தான் கட்டுரையில் வரும் ஆங்கிலேயர்களின் பிறந்த தேதிகளையும் சரிபார்க்கத் தோன்றியது. மூன்று மாற வேண்டியிருந்தது.

இரண்டாம் கர்நாடகப் போர் கட்டுரையை இந்த வாரம் தொடங்கிவிட்டேன். நவாப் அன்வருதீன் கான் இறந்த ஆம்பூர்ப் போர்தான் முதல் பகுதி. சில நூல்கள் 1749 ஜூலை 23 என்கின்றன, சில ஆகஸ்ட் 3 என்கின்றன. நான் எதையும் மாற்றவில்லை. இரண்டு தேதியையும் உரையாடல் பக்கத்தில் எழுதி, எந்த நூலில் எந்தப் பக்கம் என்று போட்டிருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது வந்து பாருங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்களோடு தொகுக்கும் ஒருவன்