பொன்னாடை இல்லாத ஒரு வருடம்: எங்கள் வெள்ளவத்தைச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவருக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், நேரத்துக்கு வந்து முன்வரிசையில் இருக்கிற அங்கத்தவர்களுக்கும், அறிக்கை முடிகிற நேரம் பார்த்து வடைக்கு வரப்போகிறவர்களுக்கும் வணக்கம். கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் உள்ளதை எல்லாம் வாசித்தால் இரவாகிவிடும், அதனால் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். கணக்கு விபரம் பொருளாளரின் அறிக்கையில் வரும், பணம் பற்றிய கேள்விகளை அவருக்கு வைத்திருங்கள்.

போன வருடப் பொதுக்கூட்டத்தில் ஒரு அக்கா எழும்பிக் கேட்ட கேள்வி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "நாங்கள் ஏன் சிறப்பு விருந்தினரை எல்லாம் முடிந்த பிறகு கூப்பிடுகிறோம்?" உண்மைதானே. வேலை எல்லாம் முடியும், விருந்தினர் வருவார், பொன்னாடை, நினைவுச்சின்னம், படம், அவர் அரை மணித்தியாலம் பேசுவார், பேசியதில் நல்ல விஷயம் இருந்தாலும் அடுத்த நாள் நாங்கள் கதிரை அடுக்கும்போதே அது மறந்துபோகும். விஷயம் தெரிந்தவரை முதலே கூப்பிட்டு, அவர் சொல்வதைக் கேட்டு, பிறகு வேலையில் இறங்குவோம், பொன்னாடைக் காசில் அவருக்குப் போக்குவரத்துச் செலவு கொடுப்போம் என்பது அவருடைய யோசனை. பொன்னாடை போர்த்தாமல் அனுப்புவது மரியாதை இல்லை என்று இரண்டு ஐயாமார் கடுமையாக எதிர்த்தார்கள், ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. இந்த வருட வேலைகள் எல்லாம் அந்தத் தீர்மானத்தில் இருந்து வந்தவை என்றுதான் நான் பார்க்கிறேன்.

தைப்பொங்கல் வழக்கம்போல நடந்தது, சொல்ல ஒன்றும் இல்லை, பால் பொங்கியது.

முதலாவது பேச்சாளர் ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர். மாசியில் வந்தார். டெங்கு பற்றித்தானே, தெரிந்த கதைதானே என்று பலர் வட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவர் மைக்கைக்கூடத் தொடவில்லை. நேரே எங்கள் மண்டபத்தின் பின்பக்கம் போனார், நீர்க்குழாயடியில் கிடந்த ஒரு பழைய தயிர்ச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார், அதில் இருந்த தண்ணீரை வெள்ளைக் கோப்பை ஒன்றில் ஊற்றி டோர்ச் அடித்துக் காட்டினார். நெளிந்து நெளிந்து மேலும் கீழும் போகிற நுளம்புக் குடம்பிகள். வட்ஸ்அப் எல்லாம் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

அவர் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது இதுதான்: டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீருக்குள் அல்ல, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டுகிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடியே கிடக்கும், அடுத்த மழைக்குத் தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறியதும் பொரிக்கும். ஆகவே கொட்டிக் கவிழ்த்தால் போதாது, உட்சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை பொரித்து நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான் என்பதால் தேய்ப்பதையும் வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். 2017இல் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல் டெங்கு நோயாளிகள் பதிவானதை நாங்கள் எல்லாரும் பார்த்தவர்கள், எத்தனை துண்டுப்பிரசுரம் கொடுத்திருப்போம், ஆனால் தேய்க்கும் பிரஷ் ஒன்றும் கொடுத்ததில்லை.

இந்த முறை துண்டுப்பிரசுரம் அச்சடிக்கவில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பே வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து ஒழுங்கைகளில் வீடு வீடாகப் போய் பிரஷும் கொடுத்து, கேட்டவர்களுக்குக் கூரைப் பீலியும் துப்புரவாக்கிக் கொடுத்தோம். தொடர்மாடிகளில் பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு ஒன்று இருக்கிறது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. சாமி அறையில் பூ வைக்கிற செம்பில் குடம்பி இருந்ததைப் பார்த்த ஒரு மாமி எங்களுக்கு முன்னாலேயே தன் மருமகளோடு சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார், நாங்கள் பிரஷை வைத்துவிட்டு நழுவிவிட்டோம். பாதியில் நிற்கும் கட்டடம் ஒன்றின் லிப்ட் குழிக்குள் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்றது, சொந்தக்காரர் யார் என்று கண்டுபிடிக்கவே பெரும்பாடு, அதைச் சம்பந்தப்பட்ட இடத்தில் எழுதிக் கொடுத்தோம், தண்ணீரை இறைக்க ஆடி வந்துவிட்டது.

அதே பரிசோதகர் போகும்போது இன்னொன்றும் சொன்னார். பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்கு தன்சல், அதாவது வருவோர் போவோருக்கு இலவசமாகச் சாப்பாடோ பானமோ கொடுக்கும் பந்தல், வைக்கிறோம் என்றால் முதலே அவர்களிடம் பதிய வேண்டும், ஐஸ் போட்ட சர்பத் என்றால் ஐஸ் எங்கே வாங்குகிறோம் என்று யோசிக்க வேண்டும், மீனுக்குப் போடுகிற ஐஸ் குடிதண்ணீரில் செய்தது அல்ல. நாங்கள் பல வருடமாகச் சர்பத்காரர். விவாதம் நீண்டது. கடைசியில் கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்துச் சுடச்சுடக் கொடுப்பது என்று முடிவானது. மே 23 வெசாக், அந்த வாரம் மழையும் காற்றுமாக இருந்தது, கொத்தமல்லித் தண்ணீர் பறந்தது என்று சொன்னால் மிகை இல்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிவிட்டுக் குடித்துவிட்டு "தவ எகக்" (இன்னும் ஒன்று) என்று கோப்பையை நீட்டியவர்கள் எத்தனையோ பேர். பக்கத்து ஒழுங்கையின் சிங்களப் பொடியன்கள் இரவு முழுக்கக் கூட நின்று வாகனங்களை ஒழுங்குபடுத்தினார்கள், அவர்களுக்கு இந்தச் சபை நன்றி சொல்ல வேண்டும்.

ஆடிவேல் திருவிழாவுக்கு செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் வரும்போது காலி வீதியில் தாகசாந்தி வைத்தோம். பிளாஸ்டிக் கோப்பை 2023 ஒக்டோபரில் இருந்து தடை என்பதால் எவர்சில்வர் டம்ளர். கழுவ ஆள் போதவில்லை, டம்ளரிலும் சில திரும்பி வரவில்லை. அடுத்த முறை கழுவுவதற்கு என்று தனிக்குழு வேண்டும், பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வடைக்கு முன்பே என்னிடம் வாருங்கள்.

இரத்ததான முகாமில்தான் பெரிய மாற்றம். நாங்கள் எப்போதும் வெசாக் வாரத்தில்தான் வைப்போம், புண்ணியகாலம், ஆட்கள் வருவார்கள். இரத்த வங்கியில் வேலை செய்த ஒரு வைத்தியர் வந்து, அதையே காரணமாகச் சொல்லி, வேண்டாம் என்றார். வெசாக், பொசன் காலத்தில் எல்லாருமே முகாம் வைக்கிறார்கள். ஆனால் செங்குருதிக் கலங்களைக் குளிரில் வைத்தாலும் ஐந்து, ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, குருதிச் சிறுதட்டுகள் ஐந்து நாள்தான் தாங்கும். ஒரே மாதத்தில் குவித்துவிட்டு மற்ற மாதத்தில் தேடி ஓடுவதில் பயன் இல்லை என்றார். அதனால் முகாமை செப்டெம்பருக்கு மாற்றினோம். வந்தவர்கள் முந்திய வருடத்தைவிடக் குறைவு, அதை மறைக்கத் தேவையில்லை. வந்தவர்களிலும் கொஞ்சப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது: 50 கிலோ இல்லாதவர்கள், ஹீமோகுளோபின் 12.5 வராதவர்கள், கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் ஆகாதவர்கள். ஹீமோகுளோபின் காணாமல் திரும்பியவர்களில் அநேகமானோர் இளம் பெண்கள், அதற்கென்று ஒரு போசாக்குப் பேச்சாளரைப் புதிய குழு கூப்பிட வேண்டும் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். எழுபதை நெருங்கும் எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர், 60 வயதுக் கட்டுப்பாடு தனக்குப் பொருந்தாது, தான் தினமும் மரைன் டிரைவில் தெகிவளை வரை நடக்கிறவன் என்று தாதியோடு வாதாடினார். தாதி சிரித்துக்கொண்டே அவரிடம் பிஸ்கட் தட்டைக் கொடுத்து, இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர்களை எழும்ப விடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மனுசன் கடைசி வரை அந்தக் கதிரைகளை விட்டு அசையவில்லை.

அது தேர்தல் மாதம் என்பதையும் சொல்ல வேண்டும். முகாமுக்குத் தண்ணீர்ப் போத்தல் தருகிறோம் என்று ஒருவர் பெட்டி பெட்டியாக இறக்கினார், எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு போத்தலிலும் ஒரு வேட்பாளர் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். தலைவர் தேத்தண்ணி கொடுத்துப் பெட்டிகளோடு திருப்பி அனுப்பிவைத்தார்.

இனி வெள்ளம். ஜூன் முதல் வாரத்தில் வெல்லம்பிட்டி, கொலன்னாவை பக்கம் தண்ணீர் ஏறியபோது நாங்களும் வழக்கம்போல சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போனோம். போய்ப் பார்த்தால் அதே மத்தியானம் இன்னும் பல சங்கங்கள் அதே சோறு, அதே பருப்புக்கறி. இரவுக்கு ஒருவரும் இல்லை. ஜூலையில் நீர்ப்பாசனத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டது அதற்காகத்தான்.

அவர் பேசியது இரண்டு மணித்தியாலம், ஒருவரும் எழும்பவில்லை. களனி கங்கை மலையில் இருந்து 145 கிலோமீற்றர் ஓடி வருகிறது, ஆகவே கொழும்பில் வெயில் எறிந்தாலும் மேலே கித்துல்கலப் பக்கம் பெய்தது பிறகுதான் இங்கே வந்து சேரும், வானத்தைப் பார்க்காதீர்கள், அளவுகோலைப் பாருங்கள் என்றார். கொழும்பு நாகலகம் வீதியில் உள்ள ஆற்று அளவுகோலில் 5 அடி வந்தால் சிறு வெள்ளம், 7 அடி வந்தால் பெரு வெள்ளம், அதற்கு முன்பே ஆற்றின் மேல்பக்கம் ஹங்வெல்லையில் உள்ள அளவுகோல் சொல்லிவிடும். கரையில் வெள்ள அணை இருக்கிறது, அணைக்கும் ஆற்றுக்கும் இடையில் வீடு கட்டியவர்களுக்கு முதலில் வரும். அணைக்கு இந்தப் பக்கம் உள்ளவர்களுக்கும் வரும், ஏனென்றால் ஆறு உயர்ந்ததும் கால்வாய்க் கதவுகளை மூடுகிறார்கள், ஊருக்குள் பெய்த மழை வெளியேற வழி இல்லாமல் அங்கேயே நிற்கும். இவ்வளவு காலமும் ஆறு உடைத்துக்கொண்டு வருகிறது என்றே நான் நினைத்திருந்தேன்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் மறுபடி வெள்ளம் வந்தது, பாடசாலைகளும் மூடினார்கள். இந்த முறை எங்கள் இளைஞர் பிரிவு இரண்டு நாள் முன்பே அளவுகளைக் குழுவில் போடத் தொடங்கிவிட்டது. சமைப்பதற்கு முன் கிராம சேவகருக்கும், ஜூனில் பழக்கமான அங்குள்ள அக்காமாருக்கும் போன் போட்டோம். மத்தியானச் சோறு வேண்டாம், ஆட்கள் கொண்டுவருகிறார்கள் என்றார்கள். குடிதண்ணீர், இரவுக்குப் பாணும் சம்பலும், பெண்பிள்ளைகளுக்கு நாப்கின், நுளம்புச் சுருள் இவைதான் கேட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு ஒரு பட்டியல் வந்தது பாருங்கள்: விளக்குமாறு, வாளி, கிருமிநாசினி, மண்வெட்டி, கொப்பி. வடிந்த பிறகு அங்கே போகிற சங்கங்கள் குறைவு. சுவரில் நெஞ்சளவுக்குச் சேற்றுக்கோடு, மெத்தை எல்லாம் வெளியே, அதற்கு நடுவில் ஒரு பிள்ளை நனைந்த கணிதக் கொப்பியைத் தாள் தாளாகப் பிரித்துக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்துக்கொண்டு இருந்தாள். எழுத்து எல்லாம் நீலமாகக் கரைந்திருந்தது. புதுக் கொப்பி கொடுத்தோம், பழையதை விடமாட்டேன் என்றாள், பார்த்து எழுத வேண்டுமாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் மண் அள்ளினார்கள், படம் எடுக்க ஒருவருக்கும் கை சும்மா இருக்கவில்லை, அதனால்தான் இந்த அறிக்கையில் அதற்குப் படம் இல்லை.

கண்தானம் பற்றிய கூட்டம் தீபாவளிக்குப் பிறகு நடந்தது. 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம், 1964இலேயே சிங்கப்பூருக்குக் கண் அனுப்பியது, நம் நாட்டுக்கு உலகில் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த விஷயங்களில் ஒன்று. ஆனால் எங்கள் ஆட்களிடம் தயக்கம் இருக்கிறது. அடுத்த பிறவியில் கண் இல்லாமல் பிறந்தால் என்ன செய்வது என்று ஒரு ஐயா கேட்டார், சிரிப்பு எழுந்தது, பேச்சாளர் சிரிக்கவில்லை. எடுத்த பிறகும் முகம் மாறாது, பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாது, கண்ணாடி போட்டவர்களும் வயது போனவர்களும் கொடுக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். முக்கியமானது, படிவம் நிரப்பினால் மட்டும் காணாது, இறந்து நான்கு மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் வீட்டார்தான் அறிவிக்க வேண்டும், செத்த வீட்டில் அந்த நேரம் யாருக்கு நினைவு வரும்? ஆகவே படிவம் எடுத்தவர்கள் அன்று இரவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கேள்வி கேட்ட ஐயாவும் ஒரு படிவம் எடுத்துக்கொண்டு போனார், நிரப்பினாரா என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 25 தொடங்கிய உயர்தரப் பரீட்சை சீரற்ற காலநிலையால் நின்று டிசெம்பர் 4தான் மறுபடி தொடங்கியது. அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மண்டபத்தை இரவு பத்து மணி வரை திறந்து வைத்தோம், மின்கட்டணம் கூடியதற்கு அதுதான் காரணம், பொருளாளரைத் திட்டாதீர்கள்.

கடைசிப் பேச்சாளர் ஓய்வுபெற்ற ஒரு அதிபர் அம்மா. புதிய பாடசாலைத் தவணை 2025 ஜனவரி 27 தொடங்குவதால் கொப்பி, புத்தகப்பை கொடுக்கும் திட்டம் இருந்தது, பையில் சங்கத்தின் பெயர் அடிக்க விலையும் கேட்டாயிற்று. பெயர் போட்ட பையை வகுப்புக்குக் கொண்டுவரக் கூசி, பழைய கிழிந்த பையையே கொண்டுவருகிற பிள்ளைகளைத் தான் பார்த்திருக்கிறேன் என்றார் அம்மா. பெயர் அடிக்கும் யோசனை அங்கேயே கைவிடப்பட்டது. பை வந்துவிட்டது, மூன்று நிறம், பெயர் இல்லை.

நிர்வாக விஷயங்கள்: சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார், அதனால் வாசிக்கவில்லை, பட்டியல் மேசையில் இருக்கிறது. புதிய அங்கத்தவர்கள் அநேகமாக இளையவர்கள், வெள்ள வேலைக்கு வந்து நின்றுவிட்டவர்கள். பொன்னாடை பற்றிய தீர்மானத்தைத் திரும்பப் பெறக் கோரும் பிரேரணை ஒன்று எழுத்தில் வந்திருக்கிறது, அது நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாக வரும், என் வாக்கு எந்தப் பக்கம் என்று இவ்வளவு நேரம் கேட்டவர்களுக்குத் தெரியும்.

பைகளில் கொப்பி போட்டுக் கட்டும் வேலை வரும் சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு இதே மண்டபத்தில். கத்தரிக்கோல் கொண்டுவாருங்கள். அப்புறம், சங்கத்தின் பெரிய சமையல் கிடாரம் ஆடிவேலுக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டுக்குப் போனது, இன்னும் வரவில்லை. யாரிடம் இருந்தாலும் சனிக்கிழமை வரும்போது ஆட்டோவில் போட்டுக் கொண்டுவாருங்கள், ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டோம்.