கேப்டன் யாங்கியை ஓட வைத்தவர்களுக்கு நன்றி

ஈப்போ நண்பர்களே,

போன சனிக்கிழமை கேப்டன் யாங்கி நாயகனாக வரும் 'ஜங்கிள் ரெய்டர்ஸ்' படம் நடுவில் நிற்காமல் ஓடி முடிந்தது. அதற்குக் காரணமானவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இந்த மடல்.

எப்போதோ மூடிய தன் வீடியோ கடைப் பெட்டிகளைக் கிளறி கேசட்டைத் தேடித் தந்த அண்ணனுக்கு முதல் நன்றி. கேசட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே டெக்கில் போட்டிருந்தால் டேப்பைப் படிக்கும் ஹெட் போயிருக்கும். டிவி பழுதுபார்க்கும் அங்கிள்தான் ஐந்து ஸ்குரூவையும் கழற்றி, நூல் பிரியாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு டேப்பைப் பொறுமையாகத் துடைத்து, வேறு கேசட்டின் கூட்டுக்குள் சுருளை மாற்றினார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. "முன்வரிசையில் ஒரு நாற்காலி போடுங்க, போதும்" என்றார். போட்டோம்.

இத்தாலிக்காரர் அந்தோனியோ மார்கெரிட்டி 1985-இல் எடுத்த படம் இது. டைட்டிலில் ஆந்தனி எம். டாசன் என்று வரும்; வெளிநாட்டு வியாபாரத்துக்கு வைத்துக்கொண்ட பெயர். 1981-இல் ஹாரிசன் ஃபோர்டின் புதையல் வேட்டைப் படம் 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' சக்கைப்போடு போட்டதும் குறைந்த காசில் கிளம்பிய கூட்டத்தில் இதுவும் ஒன்று. கதை நடப்பது 1938 மலாயாவில், அதாவது நம் நாட்டில்; படம் பிடித்ததோ பிலிப்பைன்ஸில். "இது எந்த ஊரு மலாயா?" என்று ஒரு பாட்டி சத்தமாகக் கேட்க, அப்புறம் அரங்கமே அவர் பக்கம்தான். சுற்றுலாப் பயணிகளுக்குப் போலி ஆபத்துகளை ஏற்பாடு செய்து பிழைக்கும் கேப்டன் யாங்கியாக கிறிஸ்டோபர் கானலி. லீ வான் கிளீஃபும் உண்டு. நடிப்பைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆனால் மார்கெரிட்டி மினியேச்சரில் கில்லாடி. இடைவேளையில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் அந்த வித்தையை விளக்கினார்: சின்ன மாதிரியை வேக கேமராவில் எடுத்து வழக்கமான வேகத்தில் ஓட்டினால், வெடிப்பு பெரிதாக, கனமாகத் தெரியுமாம். தீயையும் நீர்த்துளியையும் மட்டும் சின்னதாக்க முடியாது. அங்கேதான் குட்டு உடையும். அதற்கப்புறம் ஒவ்வொரு வெடிப்புக்கும் பையன்கள் "பொம்மை! பொம்மை!" என்று கத்தினார்கள். ஐயா, உங்களுக்குத் தனி நன்றி.

மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டிய ஆன்ட்டிகளுக்கும், மழையில் நாற்காலி சுமந்த தம்பிகளுக்கும், மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த கோயில் குழுவுக்கும் நன்றி.

யாரோ விட்டுப்போன பச்சைக் குடை மண்டப அலுவலகத்தில் இருக்கிறது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.